கல்லீரலில் ஒரு காவல்படை

மலேரியாவைக் காய்ச்சல் வருமுன்பே தீர்த்துக்கட்டும் டி செல்களை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டுவிட்டார்கள். அவற்றைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் தகராறு.

டாக்டர் ஸ்டீபன் ஹாஃப்மனுக்கு அசாத்தியத் தன்னம்பிக்கை. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி டாக்டரான அவர், 1987ல் பரிசோதனையில் இருந்த மலேரியாத் தடுப்பூசி ஒன்றைத் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு, மலேரியாக் கிருமி ஏறிய கொசுக்களிடம் கையை நீட்டினார். ஊசி காப்பாற்றும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மருத்துவ மாநாடு ஒன்றுக்காக சான் டியாகோவுக்கு விமானம் ஏறிவிட்டார். போன இடத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. நடுக்கம், காய்ச்சல். சந்தேகமே இல்லை, மலேரியாதான். அந்தச் சோதனையில் ஊசி போட்டுக்கொண்டு கடி வாங்கிய 6 பேரில் தப்பியவர் ஒரே ஒருவர்.

அந்த ஊசியின் திட்டம் என்னவோ சரியானதுதான். கொசு கடித்ததும் உள்ளே நுழையும் கிருமியைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப் புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, ரத்தத்தில் முன்கூட்டியே தயாராக வைப்பது. தப்பித்த அந்த ஒருவரின் ரத்தத்தில்தான் ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தது. மற்றவர்களுக்கு அது போதவில்லை. கொசு ஒரு கடியில் செலுத்தும் கிருமிகள் சில பத்து, மிஞ்சிப்போனால் சில நூறு. தோலில் கொஞ்ச நேரம் ஊர்ந்து, ரத்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் நிமிடக் கணக்கில் கல்லீரலைப் பிடித்துவிடும். ஆன்டிபாடிக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். கல்லீரல் செல்லுக்குள் புகுந்துகொண்ட கிருமியை அது தொட முடியாது. ஒரேயொரு கிருமி தப்பினாலும் போதும், ஆட்டம் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹாஃப்மன் குளிரில் நடுங்கிய அதே 1987ல்தான் நியூயார்க்கில் ஓர் ஆய்வுக்கூடம் இந்தப் புதிருக்கு வேறு விடையை வெளியிட்டது. ஆன்டிபாடி நுழைய முடியாத இடத்தில் வேலை செய்யும் வேறொரு படை உடலில் இருக்கிறது. டி செல்கள் என்று அதற்குப் பெயர்.

மலேரியா ஒட்டுண்ணிக்குக் கல்லீரலில் ஒரு மறைவிடம் உண்டு என்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1897 ஆகஸ்ட் 20ம் தேதி செகந்திராபாத்தில், கொசு ஒன்றுக்கு ஓர் அணா என்று கூலி பேசி ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்ட கொசுக்களின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். 1902ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். ஆனால் கொசு கடித்த பிறகு காய்ச்சல் வரும்வரை இடைப்பட்ட நாட்களில் ஒட்டுண்ணி எங்கே போய் ஒளிகிறது என்ற கேள்வி அரை நூற்றாண்டு அந்தரத்தில் தொங்கியது. 1948ல் லண்டனில் ஹென்றி ஷார்ட்டும் சிரில் கார்ன்ஹாமும் அது கல்லீரலில் பதுங்குவதைக் காட்டினார்கள். (ஷார்ட் நமக்கு அந்நியர் அல்ல. இந்திய மருத்துவப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் பணியாற்றியிருக்கிறார்.)

அந்தப் பதுங்கலில் சத்தமே இருக்காது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது. மனிதனைத் தாக்கும் மலேரியாக்களில் மிகக் கொடிய ஃபால்சிபாரம் வகை சுமார் ஒரு வாரம் கல்லீரலில் தங்கும். ஒரே ஒரு கல்லீரல் செல்லுக்குள் பல்லாயிரக்கணக்கில் பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு ரத்தத்தில் கொட்டும். அதன் பிறகு சிவப்பணுக்களின் மீது வேட்டை. அப்போதுதான் முதல் குளிர் எடுக்கும்.

அந்த ஒரு வாரத்தில் கிருமியைக் கல்லீரலிலேயே மடக்கிவிட்டால் நோயும் இல்லை, அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை.

எக்ஸ்ரே பட்ட கிருமிகள்

இதற்கான முதல் தடயத்தைக் கொடுத்தவர் ரூத் நஸ்ஸன்ஸ்வைக். வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து தப்பி பிரேசிலுக்குப் போய் மருத்துவம் படித்தவர். அங்கே உடன் படித்த விக்டரை மணந்துகொண்டு, பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தன் வாழ்நாளையே மலேரியாவுக்குக் கொடுத்தவர். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் காத்திருக்கும் கிருமிகளுக்கு எக்ஸ்ரே கதிர்களைக் காட்டி, அவற்றை எலிகளுக்குச் செலுத்தினார். கதிர்பட்ட கிருமி கல்லீரல் வரை போகும். உள்ளே நுழையும். ஆனால் முழுதாக வளர்ந்து ரத்தத்துக்குள் இறங்கத் தெம்பு இருக்காது. இப்படிப் பழக்கப்பட்ட எலிகளுக்குப் பிறகு வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியபோதும் பெரும்பாலானவை தப்பித்தன. 1967ல் இது வெளியானது. 1970களில் அமெரிக்காவின் மேரிலாண்டில் டேவிட் கிளைடும் அவரது சகாக்களும் மனிதர்களிடமே இதைச் சோதித்தார்கள். மனிதனுக்கும் பலித்தது. ஒரே ஒரு சங்கடம். பாதுகாப்புக் கிடைக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட கொசுக்கடிகள் தேவைப்பட்டன. எந்த சுகாதார அமைச்சரும் இதைத் திட்டமாக அறிவிக்க முடியாது.

காப்பாற்றியது எது? ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்ததால், அதுதான் என்று பலரும் நினைத்தார்கள். 1987ல் நஸ்ஸன்ஸ்வைக் தம்பதியின் ஆய்வுக்கூடம் வேறு மாதிரி சோதித்தது. பாதுகாப்புப் பெற்ற எலிகளின் உடலில் இருந்து சிடி8 என்ற அடையாளம் கொண்ட டி செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் பாதுகாப்புக் காணாமல் போனது. ஆன்டிபாடிகள் இருந்தும் பிரயோஜனப்படவில்லை. மறு ஆண்டே இன்னொரு குழு தனியாக இதே முடிவுக்கு வந்தது.

சிடி8 டி செல்லுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், கொலையாளி. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி முடித்து வெளியே வரும் இதற்குக் கிருமியோடு நேரடிச் சண்டை கிடையாது. கிருமி குடியேறிய செல்லையே கிருமியோடு சேர்த்து அழிப்பதுதான் இதன் தொழில். எந்த செல்லுக்குள் கிருமி இருக்கிறது என்று இதற்கு எப்படித் தெரியும்? தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குப்பைக்கூடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடையைப் பார்த்தால் உள்ளே என்ன சமையல் என்று தெரிந்துவிடும். உடலில் உட்கரு உள்ள செல்கள் எல்லாமே உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி வாசலில் வைக்கின்றன. ரோந்து போகும் டி செல் கூடை கூடையாக மோந்து பார்த்துக்கொண்டே போகும். அந்நியச் சரக்கு கண்ணில் பட்டால் கதவைத் தட்டிவிடும்.

ரத்தச் சிவப்பணுவின் விஷயம் வேறு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. வாசலில் குப்பைக்கூடை வைக்கும் வழக்கமும் இல்லை. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்ட மலேரியாக் கிருமி சிடி8 செல்லின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை செல்கள் இருக்கும் உடம்பில் மலேரியா சிவப்பணுவைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. ஆகக் கொலையாளி டி செல்லுக்குக் கிடைக்கும் வாய்ப்பு கல்லீரலில் மட்டும்தான் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. (அந்தப் பாடத்திலும் பின்னால் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு வருவோம்.)

உள்ளூர்க்காரன் வேண்டும்

எதிரி யார், ஆயுதம் எது என்று தெரிந்த பிறகும் ஏன் இத்தனை ஆண்டுகள்? கணக்குதான் காரணம். மனிதக் கல்லீரலில் பல ஆயிரம் கோடி செல்கள். அதில் கிருமி புகுந்தவை சில பத்து இருக்கலாம். கையில் இருப்பதோ ஏழு நாள். ஒரு மாநகரத்தின் அத்தனை வீடுகளிலும் ஒரே ஒரு வீட்டில் ஒளிந்திருப்பவனை, போலீஸ் வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து தேட வேண்டும் என்றால் எப்படி? அவன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் எலிகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மலேரியாவை அடியோடு தடுக்க எலியின் ரத்தத்தில் தேவைப்பட்ட நினைவு டி செல்களின் எண்ணிக்கை மற்ற கிருமிகளுக்குத் தேவைப்படுவதைவிட மிக மிக அதிகமாக இருந்தது. (ஒருமுறை கிருமியைச் சந்தித்துவிட்டு அதை மறக்காமல் வைத்திருப்பவை நினைவு டி செல்கள்.) ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு, அதற்குக் கீழே போனால் இல்லை. 2013ல் இன்னொரு குழு, உயிருள்ள எலியின் கல்லீரலையே நுண்ணோக்கியில் வைத்து, டி செல்கள் கிருமி புகுந்த செல்லைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்து அதை ஒழிப்பதைப் படம் பிடித்தது. ஒருவன் கண்டுபிடித்தால் மற்றவர்கள் ஓடி வருகிறார்கள். ஆனால் அந்த முதல் ஆள் சீக்கிரம் வந்தாக வேண்டும்.

அந்த முதல் ஆளை 2016ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹீத் குழுவினர் அடையாளம் காட்டினார்கள். நினைவு டி செல்களில் பெரும்பான்மை ரத்தத்தோடு உடல் முழுக்கச் சுற்றும் நாடோடிகள். ஆனால் ஒரு பிரிவு கல்லீரலை விட்டு நகர்வதே இல்லை. கல்லீரலின் ரத்த நாளங்கள் அகலமானவை, ரத்தம் மெதுவாக ஓடுபவை. அந்தச் சந்துகளின் சுவரைப் பிடித்துக்கொண்டு இவை இரவும் பகலும் ஊர்ந்து காவல் காக்கின்றன. மெல்பர்ன்காரர்கள் செய்த சோதனையில், இந்த உள்ளூர்ப் பிரிவை மட்டும் நீக்கிவிட்டபோது எலிகளின் பாதுகாப்பு போய்விட்டது. உடலில் மற்ற டி செல்கள் இருந்தும் பலன் இல்லை. எத்தனை பேர் என்பதோடு எந்தத் தெருவில் என்பதும் முக்கியம் என்றாகிவிட்டது.

கல்லீரல்வாசிகளான இந்த டி செல்களைத் தடுப்பூசியால் உருவாக்க முடியுமா? இங்கே மீண்டும் காட்சிக்கு வருகிறார் ஹாஃப்மன். கடற்படையை விட்டு வந்து மேரிலாண்டில் சனாரியா என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கொசுக்களை வளர்த்து, மலேரியாக் கிருமியை ஏற்றி, கதிர்வீச்சுக் காட்டி, ஒவ்வொரு கொசுவாகப் பிடித்து உமிழ்நீர்ச் சுரப்பியை அறுத்தெடுத்துக் கிருமியைச் சேகரிப்பது. கேட்கும்போதே கிறுக்குத்தனமாகத் தோன்றும் இந்த வேலையை அவர் தொழிற்சாலை அளவுக்குச் செய்து காட்டினார். நஸ்ஸன்ஸ்வைக்கின் எலிப் பரிசோதனை குப்பிக்குள் வந்தது.

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. மற்றத் தடுப்பூசிகளைப் போலவே தோலில் போட்டார்கள். 2011ல் வெளியான முடிவின்படி, போட்டுக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதே ஆய்வில் குரங்குகளுக்கு நேராக ரத்தநாளத்தில் செலுத்தியபோது அவற்றின் கல்லீரலில் டி செல்கள் குவிந்திருந்தன. விஷயம் புரிந்தது. கிருமி கல்லீரல் வரை போய்ச் சேர்ந்தால்தான் அங்கே காவலர்கள் உருவாவார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ராபர்ட் செடர் தலைமையில் 2013ல் மனிதர்களுக்கும் ரத்தநாளத்தில் போட்டுப் பார்த்தார்கள். 5 முறை ஊசி போட்டுக்கொண்ட 6 பேரையும் கொசுக்களிடம் விட்டபோது 6 பேருமே தப்பினார்கள். 4 முறை போட்டுக்கொண்ட 9 பேரில் 6 பேர் தப்பினார்கள்.

சின்னக் கூட்டம்தான். ஆனாலும் மலேரியா உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து ஆப்பிரிக்கா. மேற்கு கென்யாவில் 5 மாதம் முதல் 12 மாதம் வரையிலான குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2021ல் வந்தது. ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பரிசோதித்துப் பார்த்ததில் அந்தப் பச்சிளங் குழந்தைகளிடம் டி செல்கள் எழும்பவே இல்லை. மலேரியாவால் அதிகம் சாகிறவர்கள் 5 வயதுக்குட்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகள். யாருக்காக இத்தனை பாடோ அவர்களுக்கே பலிக்கவில்லை என்பது சாதாரண அடி அல்ல. தவிர, இந்த மருந்தைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். கைக்குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி குத்த வேண்டும். மின்சாரமே எட்டிப் பார்க்காத கிராமத்தில் இதை யார் செய்வது?

ஆக்ஸ்போர்டின் யு டர்ன்

டி செல் கட்சியின் இன்னொரு பிரமுகர் ஆக்ஸ்போர்டின் அட்ரியன் ஹில். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கடும் மலேரியாவில் விழாமல் தப்பும் குழந்தைகளிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை அதிகம் இருப்பதை 1991ல் காட்டியவர் அவர். செல்லின் வாசலில் புரதத் துண்டுகளை ஏந்தி நிற்கும் மூலக்கூறு ஒன்றுக்கான மரபணு அது. அதாவது டி செல்லுக்குச் சரியாகக் காட்டிக்கொடுக்கும் குப்பைக்கூடை. மனிதர்களிலும் சிடி8 செல்கள் மலேரியாவோடு மோதுகின்றன என்பதற்கு அதுவே வலுவான ஆதாரம்.

அந்த நம்பிக்கையில் ஹில் குழுவினர் டி செல்களைத் தட்டி எழுப்பும் தடுப்பூசிகளை ஆண்டுக்கணக்கில் உருவாக்கினார்கள். ஆபத்தில்லாத வைரஸ்களின் முதுகில் மலேரியாப் புரதத்தை ஏற்றி அனுப்பும் வித்தை. 2013ல் வெளியான சோதனையில் 14 பேரில் 3 பேருக்கு முழுப் பாதுகாப்பு, 5 பேருக்குக் காய்ச்சல் தள்ளிப்போனது. தப்பியவர்களிடம் சிடி8 செல்கள் அதிகம் இருந்தன. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் குழந்தைகளிடம் போனபோது அதுவும் எடுபடவில்லை.

கடைசியில் ஹிலுக்கு வெற்றி தேடித் தந்தது எது? ஆன்டிபாடி. அவரது குழு உருவாக்கிய ஆர்21 தடுப்பூசியைப் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் இதற்குப் பச்சைக்கொடி காட்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புதல் பெற்ற ஆர்.டி.எஸ்.,எஸ் என்ற தடுப்பூசியும் இதே ரகம். அந்தப் பெயரில் உள்ள டி, டி செல்லைத்தான் குறிக்கிறது. 1987ல், ஆம், அதே ஆண்டில், அதை வடிவமைத்தவர்களுக்கு அந்த ஆசையும் இருந்தது. ஆனால் சிடி8 கொலையாளிகளை அது கிட்டத்தட்ட எழுப்புவதே இல்லை. 4 முறை போட்டும் 4 ஆண்டுகளில் காய்ச்சல்களைச் சுமார் 36 சதவீதம்தான் குறைத்தது. ஆர்21 முதல் ஆண்டில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்றாலும் ஆன்டிபாடி வடிய வடியப் பாதுகாப்பும் வடிகிறது. 2023ல் மட்டும் உலகில் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவுக்குப் பலியானார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அரைகுறைத் தடுப்பூசியும் அங்கே ஆயிரக்கணக்கான உயிர். அதைக் குறைத்துப் பேசுவது தவறு.

இந்தியாவின் கதை

மேலே சொன்ன தடுப்பூசிகள் எல்லாமே ஃபால்சிபாரத்துக்கானவை. இந்தியாவிலோ வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையும் சரிசமமாக நடமாடுகிறது. சென்னை, மங்களூர் மாதிரி நகரங்களில் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு பரப்புவது பெரும்பாலும் இதைத்தான். கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு மறுபடி எழுந்து வரும் குணமுள்ள இது, ஃபால்சிபாரம் அளவுக்கு ஆளைக் கொல்வதில்லை. அதனாலேயே ஆராய்ச்சிக்கூடங்களின் செல்லப்பிள்ளையாக இருந்ததும் இல்லை.

முன்னே சொன்ன பாடப்புத்தகத் திருத்தம் வந்தது இந்த வைவாக்ஸில் இருந்துதான். வைவாக்ஸ் கிழட்டுச் சிவப்பணுவுக்குள் போகாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணுக்களே அதற்கு வேண்டும். உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டாலும் அந்த இளம் செல்கள் வாசல் குப்பைக்கூடையை இன்னும் எடுத்து வைக்கவில்லை. பிரேசில் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த கரோலின் ஜுன்கேராவும் சகாக்களும் 2018ல் இதைக் கண்டுபிடித்தார்கள். சிடி8 செல்கள் வைவாக்ஸ் புகுந்த இளம் சிவப்பணுவை அடையாளம் கண்டு, துளை போடும் புரதத்தைப் பாய்ச்சி, சிவப்பணுவையும் உள்ளிருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்தே கொன்றன. ரத்தத்தில் சிடி8 செல்லுக்கு வேலை இல்லை என்ற பல ஆண்டுப் பாடம் வைவாக்ஸைப் பொறுத்தவரை தவறு. வைவாக்ஸ் மலிந்த இந்தியாவில் இந்தச் செய்திக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

அதே ஜுன்கேரா குழு 2021ல் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. காமா-டெல்டா டி செல்கள் என்று ஒரு தனி ஜாதி உண்டு. இவற்றுக்குக் குப்பைக்கூடையே வேண்டாம். ஃபால்சிபாரம் புகுந்த முதிர்ந்த சிவப்பணுவைக்கூட மேற்பரப்பில் உள்ள வேறொரு புரதத்தை வைத்து இனம் கண்டு கொல்கின்றன. சில சமயம் அப்படியே விழுங்கியும் விடுகின்றன. கென்யக் குழந்தைகளிடம் குறைவாக இருந்ததாகச் சந்தேகிக்கப்படுவது இந்த ஜாதியும்தான்.

இவை இத்தனை இருந்தும் மலேரியாப் பிரதேசங்களில் ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்ப நோயில் விழுகிறார்கள்? உகாண்டாவின் டொரோரோ பகுதிக் குழந்தைகளிடம் 2014ல் ஒரு விசித்திரமான விடை கிடைத்தது. அடிக்கடி மலேரியா வந்த குழந்தைகளின் ரத்தத்தில் காமா-டெல்டா செல்கள் குறைந்துபோயிருந்தன. மிஞ்சியவையும் வேகம் காட்டவில்லை. அதே நேரம் அந்தக் குழந்தைகளுக்குக் கிருமி இருந்தும் காய்ச்சல் வரவில்லை. காய்ச்சல், நடுக்கம் எல்லாம் கிருமி தருவது மட்டுமல்ல. உடல் அதோடு போடும் சண்டையின் விளைவும்கூட. ஓயாத சண்டையில் வீட்டுக்கே சேதம் என்று தெரிந்ததும் உடல் ஒருவிதச் சமாதானத்துக்கு வந்துவிடுகிறது. சமாதானத்தால் லாபம் குழந்தைக்கும் உண்டு, கிருமிக்கும் உண்டு. காய்ச்சல் இல்லாத அந்தக் குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சும் கொசு அடுத்த வீட்டுக்கு மலேரியாவைக் கொண்டுபோகும்.

ஒரிசா மலைப்பகுதிகளில் சுகாதாரத் துறை எதிர்கொண்டதும் இதையேதான். கோராபுட், மால்கான்கிரி பக்கம் காய்ச்சல் கண்டவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரை மலேரியா அசையவில்லை. 2017ல் தொடங்கிய திட்டத்தில் எட்டாத கிராமங்களுக்கு நடந்தே போய், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ அனைவரின் ரத்தத்தையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

சண்டையின் சேதம் சில வேளைகளில் உயிரையே குடிக்கும். மூளை மலேரியாவில் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்நாளங்களை அடைத்துக்கொள்வதுதான் காரணம் என்று நெடுநாள் கருதப்பட்டது. மலாவி நாட்டின் பிளான்டயரில் அந்த நோயால் இறந்த குழந்தைகளின் மூளையை ஆராய்ந்து 2020ல் வெளியான முடிவு வேறொன்றையும் சேர்த்துக்கொண்டது. கல்லீரலில் ரட்சகனாக இருக்கும் அதே சிடி8 கொலையாளிகள் மூளையின் ரத்தநாளச் சுவர்களில் அணிவகுத்து நின்றிருந்தன. எலிகளில் முன்பே தெரிந்திருந்த விஷயம், மனிதக் குழந்தையிலும் உறுதியானது. தடுப்பூசி செய்பவர்கள் டி செல்களை உசுப்பிவிடுவதோடு, அவை எங்கே போய் நிற்கின்றன என்றும் கவலைப்பட வேண்டியிருப்பதற்கு இதுவும் காரணம்.

இந்தியா இப்போது நிற்பது ஒரு வழுக்குப் பாறையில். சுதந்திரம் அடைந்தபோது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைப் படுக்க வைத்து, 8 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. டிடிடி தெளிப்பால் 1965 வாக்கில் 1 லட்சமாக இறங்கியது. ஒழித்துவிட்டோம் என்று கை தட்டி முடிப்பதற்குள் 1976ல் 64 லட்சமாக எகிறியது. 1994ல் மேற்கு ராஜஸ்தானில் நல்ல மழை பெய்து, மலேரியா அதிகம் எட்டிப் பார்க்காத பாலைவன ஜனங்களை அது தாக்கியபோது எதிர்ப்பு சக்தி இல்லாத உடல்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 2023ல் அரசுக் கணக்கில் பதிவானவை 2.27 லட்சம். (உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இதைப்போலப் பல மடங்கு.) 2030க்குள் ஒழிப்பது இலக்கு. கிருமி குறையக் குறைய, அதைச் சந்தித்துப் பெற்ற எதிர்ப்பு சக்தியும் மங்கும். கடைசிக் கட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் உள்ளே வருவதற்கு வீடு காலியாக இருக்கும். தடுப்பூசி இந்தியாவுக்கும் தேவை என்பவர்கள் சொல்லும் வாதம் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2025 ஜூலையில் தன் புவனேஸ்வர் மையம் உருவாக்கிய அட்ஃபால்சிவாக்ஸ் என்ற ஊசியைத் தயாரிக்க நிறுவனங்களை அழைத்தது. மனிதனுக்குள் நுழையும் கிருமியையும், கொசு வழியாகப் பரவும் கட்டத்தையும் ஒருசேர மறிக்கும் திட்டம். அதுவும் பெரும்பாலும் ஆன்டிபாடி வழியைத்தான் நம்பியிருக்கிறது, அதுவும் ஃபால்சிபாரத்துக்கு மட்டும்.

கல்லீரல் காவலர்களை நேராகக் குறிவைக்கும் முயற்சி மெல்பர்னில் நடக்கிறது. கொரோனா காலத்தில் பிரபலமான எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தில், டி செல்களைக் கல்லீரலிலேயே தங்க வைக்கும் ஒரு பொருளைச் சேர்த்து ஹீத் குழுவினரும் நியூசிலாந்து விஞ்ஞானிகளும் ஊசி தயாரித்தார்கள். ஏற்கெனவே மலேரியா கண்ட எலிகளிலும் அது வேலை செய்ததாக 2023ல் அறிவித்தார்கள். சமாதானம் செய்துகொண்ட உடலையும் மறுபடி உசுப்ப முடியும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் எலியின் கல்லீரல் சிறியது. எலி மலேரியா அங்கே தங்குவது இரண்டே நாள். மனிதக் கல்லீரல் ஒன்றரை கிலோ கனம்.

போதாக்குறைக்கு, அந்தக் காவலர்கள் கல்லீரலை விட்டு வெளியே வருவதில்லை என்பதால் அவர்களை எண்ணிப் பார்ப்பதும் லேசில் முடியாது. எலியை அறுத்துப் பார்க்கலாம். ஊசி போட்டுக்கொண்ட மனிதரை? கோராபுட்டின் மலைக் கிராமத்தில் ஆஷா ஊழியர் விரலைக் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம், உடலில் மலேரியா இருக்கிறதா என்பதைக் கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். கல்லீரலில் காவலுக்கு ஆள் இருக்கிறதா என்பதை அந்தச் சொட்டு சொல்லாது.